பல்லில் கடித்த நூல்

கல்லுளி என்ற பெயரை அவளுக்கு வைத்தது அவளுடைய அம்மாதான். சின்ன வயதில் ஒருநாள் பார்லர் அலமாரியிலிருந்த பன்னீர்க் குப்பி உடைந்துபோனது. யார் உடைத்தது என்று அரை நாள் கேட்டும் குழந்தை வாயைத் திறக்கவில்லை. "கல்லுளிமங்கி, வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?" என்று அம்மா தலையில் குட்டினாள். குப்பியைத் தட்டிவிட்டது அம்மாவின் முழங்கைதான் என்பது பிற்பாடு தெரிந்தது. அதற்காகப் பெயரை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மங்கி உதிர்ந்து கல்லுளி மட்டும் நின்றது. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுக்கு வேறு பெயர் இல்லை.

மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இரண்டு அறை. முன்னறை பார்லர், பின்னறை வீடு. நடுவில் கதவு கிடையாது. தடித்த பச்சைத் திரை ஒன்று தொங்கும். முன்னறையில் சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி, முடி அலசுகிற பீங்கான் தொட்டி, ஏற்றி இறக்கும் நாற்காலி ஒன்று. நாற்காலியின் கைப்பிடியில் ரெக்சின் கிழிந்த இடங்களை அம்மா கறுப்பு டேப் ஒட்டி மறைத்திருந்தாள். பின்னறையில் திரைக்கு அந்தப் பக்கம் அப்பா தூங்குவார். அவருக்கு ரொட்டி ஃபேக்டரியில் ராத்திரி வேலை. விடிந்ததும் சட்டையெல்லாம் மாவாக வந்து படுப்பார். பெண்கள் வந்துபோகிற இடம் என்பதால் பகலில் அவர் இருப்பதே யாருக்கும் தெரியக்கூடாது. குறட்டை விடக்கூடாது, புரண்டு படுத்தால் கட்டில் கிரீச்சிடும், புரளவும் கூடாது, முக்கியமாக, இருமவே கூடாது. கல்யாணமானபோது போட்ட சட்டம் அது. அவர் அதை ஒருநாளும் மீறியதில்லை.

அந்த இரண்டு அறையும் அவர்களுக்குச் சொந்தம். அப்பா ரொட்டி சுட்டும் அம்மா புருவம் எடுத்தும் சேர்த்த சொத்து அது ஒன்றுதான்.

அம்மாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததும் புருவம்தான். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை விரல்களில் சுற்றி, கத்தரிக்கோல் மாதிரி விரித்து விரித்து மூடுவாள். வந்தவர்கள் இரண்டு கையாலும் நெற்றித் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி பேசுவார்கள். மாமியார், மேனேஜர், வீட்டுக்காரர், யாரிடமும் சொல்லாத வலி, எல்லாம் வரும். அம்மா வாயில் நூல் இருப்பதால் "ம்" என்பதோடு சரி. இப்படிக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை இறுகிப்போயிருந்தது. 'நாற்காலியில கண்ணை மூடிக்கிட்டுப் பேசறவங்க பொய் சொல்ல மாட்டாங்க' என்பாள். கடையின் சட்டமும் அதிலிருந்து வந்ததுதான். நாற்காலியில் உட்கார்ந்தவர் என்ன சொன்னாலும் சரி, எதிர்க்கேள்வி கிடையாது.

பொய் சொல்லாத அந்த வரிசையில் அட்மிஷன் மேடமும் ஒருத்தி.

பெரிய சாலையைத் தாண்டிப் புதிதாக எழும்பியிருந்த தனியார் கல்லூரியை எல்லோரும் கண்ணாடிக் காலேஜ் என்பார்கள். கட்டடம் முழுக்க நீலக் கண்ணாடி. அங்கே மாணவர்களைச் சேர்த்துவிடுகிற வேலை மேடத்துக்கு. கழுத்தில் அடையாள அட்டை, கையில் தோல்பை, நடந்துபோனால் பின்னால் கொஞ்ச நேரம் வாசனை. புருவத்தில் ஒரு முடி வளைந்திருந்தாலும் படியேறி வந்துவிடுவாள்.

கல்லுளி பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். மேடம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "எங்ககிட்ட அனுப்புங்கக்கா. கணக்கையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து ஒரு கோர்ஸ் இருக்கு. படிச்சவங்க ஒருத்தர்கூட வேலை இல்லாம இருந்ததில்ல. நான் பொறுப்பு."

"ம்."

"பணமா? பேங்க்ல கடன் கொடுக்கறாங்க. இந்த வீட்டுப் பத்திரத்தைக் காட்டினாப் போதும். வேலைக்குப் போனதும் உங்க பொண்ணே கட்டிடுவா. அதெல்லாம் ஒரு கடனாக்கா?"

"ம்... ம்."

அம்மாவுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலமே தம்பியை வரவழைத்தாள்.

மாமாவுக்கு மரச்சாமான் கடையில் விற்பனையாளர் வேலை. கட்டில், பீரோ, சோபா எல்லாம் தவணையில் விற்பார். 'இன்னைக்கு எடுத்துட்டுப் போங்க, பணம் எங்க ஓடிடப் போகுது' என்பது அவர் வாய்க்குப் பழகிப்போன வசனம். கல்லூரிப் படிப்பையும் அதே வசனத்தில் வரவேற்றார்.

"ஜாமீன் நான் போடறேன்க்கா. மருமக கண்ணாடிக் காலேஜ்ல படிக்கிறான்னு சொன்னா எங்க முதலாளியே எழுந்து நின்னு கேப்பாரு. அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை பேங்குக்குப் போயிடலாம். என்ன மருமகளே?"

"வேணாம்," என்றாள் கல்லுளி.

"என்னது?"

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

அவள் பதில் சொல்லவில்லை. தரையில் சிதறிக் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "பாத்தியா, பாத்தியா, கல்லுளிமங்கி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

காரணம் எதிர்க்கடையில் இருந்தது. ரீசார்ஜ் அக்கா என்று தெருவே அழைக்கும் அந்தப் பெண், செல்போன் கடையில் நின்றபடியே வேலை பார்ப்பவள். கண்ணாடிக் காலேஜின் பழைய மாணவி. எல்லோரையும் போலக் கடன் வாங்கிப் படித்தவள். "சம்பளம் வந்த மெசேஜும் தவணை பிடிச்ச மெசேஜும் ஒண்ணா வரும்டி. எது முதல்ல வந்துச்சுன்னே தெரியாது," என்று ஒருநாள் சொன்னாள். காலை நீட்டி வார் அறுந்த செருப்பைக் காட்டினாள். "இதைத் தைக்கிறதா, புதுசு வாங்கறதான்னு நான் பேங்க்கைக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும்."

கல்லுளி இதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். அவளைப் பொறுத்தவரை அது ஒரு வாரம் முழுக்கப் பேசுகிற பேச்சு.

அம்மா சட்டென்று கேட்டாள்: "அவ எங்க நின்னு சொன்னா?"

"கடையில."

"கடையில நின்னுக்கிட்டு யாரு வேணா என்ன வேணா சொல்லலாம். நாற்காலியிலயா சொன்னா?"

செவ்வாய்க்கிழமைகளில் பார்லர் விடுமுறை. கல்லுளி தோழி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். ஒவ்வொரு செவ்வாயும் ஒரு கல்லூரி. அலுவலகத்துக்குள் போய் விசாரிக்கவில்லை; அங்கே பளபளக்கிற காகிதம்தான் கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வாசல் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, வெளியே வருகிற பெண்களிடம் கேட்டாள். கடன் வாங்கினீங்களா? எவ்வளவு மிச்சம்? போன வருஷம் முடிச்சவங்க இப்ப எங்க இருக்காங்க? வாயில் கொழுக்கட்டை என்று பேர் வாங்கியவள் முன்பின் தெரியாதவர்களிடம் இப்படித் துருவித் துருவிக் கேட்டதை வீட்டில் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஊரின் மறுகோடியில் ஓர் அரசுக் கல்லூரி இருந்தது. சுவரில் சுண்ணாம்பு உரிந்து உள்ளே செங்கல் தெரிந்தது. மின்விசிறி ஓடுகிற சத்தத்தில் பாதிப் பாடம் காதில் விழாது போலிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தவளிடம் கல்லுளி தன் கேள்விகளைப் போட்டாள். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஃபீஸா? கட்டினதே மறந்துபோச்சு. பஸ்ஸுக்குத்தான் அழறேன்," என்றாள். அவளுடைய அக்காவும் அங்கேயே கணக்குப் படித்தவள். இப்போது தண்ணீர் வாரிய அலுவலகத்தில் இருக்கிறாள்.

கணக்கு வகுப்பின் ஜன்னலோரம் கல்லுளி நின்றாள். கரும்பலகை முழுக்க எழுதி, இடம் போதாமல் பக்கத்துச் சுவரிலும் இரண்டு வரி எழுதிவிட்டிருந்த பேராசிரியை, அவளைப் பார்த்துவிட்டு, "நின்னா கால்தான் வலிக்கும். உள்ள வந்து உக்காரும்மா," என்றாள். கல்லுளி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பாதி புரிந்தது. புரியாத பாதியை யோசித்துக்கொண்டே வந்ததில் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

விண்ணப்பம் போட்டாள், இடமும் கிடைத்தது. ஆனால் சேரும்போது பெற்றோரில் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள், பேங்குக்குப் போவதாக இருந்த அதே வெள்ளிக்கிழமை.

அம்மாவிடம் சொன்னபோது வீடு இரண்டுபட்டது.

"சுண்ணாம்பு உதிர்ற காலேஜா? நான் காலம் பூரா நின்னுக்கிட்டே வேலை பாத்தவ. என் பொண்ணு ஏ.சி. ரூம்ல உக்காரணும்னு நினைக்கிறது தப்பா?"

"கடன் பத்திரத்துல நானும் கையெழுத்துப் போடணும். நான் போட மாட்டேன்."

"அப்ப படிப்பும் இல்ல. நூலை எடுத்துக்கிட்டு என் பக்கத்துல நில்லு!"

"நிக்கறேன். கடனோட உக்கார்றதுக்குக் கடனில்லாம நிக்கலாம்."

திரைக்குப் பின்னால் கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. அப்பா அந்தச் சண்டையில் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மேடம் வந்தாள். மறுநாளைக்கு வேண்டிய காகிதங்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் தயாராக இருந்தன. அம்மா தொட்டியருகே வேறொரு பெண்ணின் தலையில் சாயத்தை அலசிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை கறுப்பு.

"நீ எடுத்து விடுடி," என்றாள் மகளிடம். அதோடு ஒரு பார்வை. வாயைத் திறந்தாயோ தொலைந்தாய் என்பது அதன் பொருள்.

கல்லுளி பவுடர் தடவினாள். நூலைப் பல்லில் கடித்தாள். மேடம் கண்ணை மூடிக்கொண்டு நாளைய ஏற்பாட்டை விவரித்தாள். பேங்கில் யாரைப் பார்க்க வேண்டும், பத்திரத்தில் எந்தப் பக்கத்தை நகலெடுக்க வேண்டும் எல்லாம் வந்தது. "நாளையோட சீட்டு முடிஞ்சுது. அப்புறம் நானே நினைச்சாலும் முடியாது." இடது புருவம் வில் மாதிரி வந்தது.

வலது புருவத்தைத் தொடும் முன் கல்லுளி நூலை வாயிலிருந்து எடுத்தாள்.

அம்மா அதைக் கண்ணாடியில் பார்த்தாள். பாதி வேலையில் நூலை எடுப்பது அந்தக் கடையில் அதுவரை நடக்காத காரியம்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"அட, உனக்குப் பேச வருமா!" மேடம் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "கேளு, கேளு."

"உங்க காலேஜ்ல படிச்ச எல்லாருக்கும் வேலை கிடைச்சுதுன்னு சொன்னீங்கல்ல. அதுல உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரைச் சொல்லுங்களேன்."

"ஒருத்தர் என்ன, நானே அங்க படிச்சவதான்."

"உங்களுக்கு என்ன வேலை கிடைச்சுது?"

"இதான்."

மேடத்தின் விரல்கள் நெற்றித் தோலை இழுத்துப் பிடித்தபடியே இருந்தன. அடுத்த புருவத்துக்காகக் காத்திருக்கிற பழக்கம்.

"கடன் முடிஞ்சிடுச்சா மேடம்?"

பதில் தணிந்த குரலில் வந்தது. "முடிஞ்சிருந்தா நான் ஏன்டி இந்த வெயில்ல மாடி மாடியா ஏறப் போறேன்? ஒரு பொண்ணைச் சேர்த்து விட்டா எனக்கு அந்த மாசத் தவணை கழியும். உன்னைச் சேர்த்தா அடுத்த மாசம்..."

அப்போதுதான் அது நடந்தது. பச்சைத் திரைக்குப் பின்னால் அப்பா இருமினார்.

தொண்டையைச் செருமுகிற இருமல் அல்ல. கல்யாணமான நாள் முதல் அடக்கி வைத்த இருமல்கள் எல்லாம் சேர்ந்து புறப்பட்ட மாதிரி இருந்தது. மேடம் துள்ளிக் கண்ணைத் திறந்தாள். தொட்டியில் தலையைக் கொடுத்திருந்த பெண் சாயம் சொட்டச் சொட்ட நிமிர்ந்தாள்.

"உள்ள யாரு?"

"எங்க... வீட்டுக்காரர். ராத்திரி வேலை. பகல்ல தூங்குவாரு," என்றாள் அம்மா.

"தினமுமா? நான் வர்றப்பல்லாம் இங்கதான் இருந்தாரா?"

"நான் எதுவுமே கேக்கலம்மா," என்றது திரை. சற்றுப் பொறுத்து, "கடைசியா சொன்னது மட்டும் காதுல விழுந்துச்சு," என்றும் சொன்னது.

சாயம் பூசிக்கொண்ட பெண் தன் மாமியாரைப் பற்றி இந்த அறையில் என்னென்ன சொல்லியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்ப்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

மேடம் எழுந்து பையை எடுத்தாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். ஒரு பக்கம் வில், ஒரு பக்கம் புதர். மறுபடி உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

"மிச்சத்தை எடு."

கல்லுளி எடுத்தாள். கை ஒரு இடத்திலும் பிசகவில்லை. மேடம் காசு கொடுத்தாள், பிளாஸ்டிக் உறையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "நாளைக்குள்ள வரலைன்னா..." என்று வாசலில் ஆரம்பித்தவள், முடிக்காமல் படியிறங்கிப் போனாள்.

தலை அலசிக்கொண்ட பெண்ணும் போன பிறகு அம்மா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "வந்தவங்களைக் கேள்வி கேக்கறதா? இது கடையா, போலீஸ் ஸ்டேஷனா? உங்கப்பா வேற இருமித் தொலைக்கிறாரு! இனி எவ படியேறுவா?"

"அவங்க பொய் சொல்லலம்மா. நீ சொன்னது சரிதான், நாற்காலியில யாரும் பொய் சொல்றதில்ல. நீதான் ஒண்ணும் கேக்கல."

"வாயில நூல் இருக்கறப்போ எப்படிடி கேக்கறது?"

கேட்டுவிட்டு அம்மா அப்படியே நின்றாள். கையில் சாயம் காய்ந்துகொண்டிருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. அன்றைக்கு அதற்குமேல் யாரோடும் பேசவில்லை. கல்லுளிமங்கி யாருடைய மகள் என்று அப்பா திரைக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்ததற்குக்கூடப் பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை. கல்லுளி தலைவாரி, சான்றிதழ்களைப் பையில் வைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். தனியாகவாவது போய் வாசலில் நிற்பது, கையெழுத்து இல்லையென்று விரட்டினால் விரட்டட்டும் என்பது அவள் முடிவு. பேங்குக்கு மட்டும் போவதில்லை.

அம்மா வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலியை வாங்கிய நாளிலிருந்து அவள் அதில் உட்கார்ந்து கல்லுளி பார்த்ததில்லை.

"எனக்குப் புருவம் எடுத்து விடு," என்றாள். கறுத்த விரல்களால் நெற்றியை இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

கல்லுளி பையைக் கீழே வைத்துவிட்டு நூலை எடுத்தாள். ஊர் முகத்தையெல்லாம் திருத்திய அம்மாவின் புருவம் காடாக வளர்ந்து கிடந்தது.

"எனக்கு அந்தக் காலேஜ் பேரு பிடிச்சிருந்துச்சு," அம்மா மெதுவாகச் சொன்னாள். "உன் படிப்புக்காக மட்டும் இல்ல. வர்றவங்ககிட்ட சொல்லிக்கறதுக்கு. எல்லாரும் அவங்கவங்க பிள்ளைங்க பவிசை என்கிட்ட சொல்றாங்க. நான் எல்லாத்துக்கும் 'ம்' போட்டுக்கிட்டே நிக்கறேன். ஒருநாள் நானும் சொல்லணும்னு தோணுச்சு. வீட்டையே அடமானம் வைக்கலாம்னு பாத்தேன், அதுக்காக."

கல்லுளிக்கு வாயில் நூல். "ம்," என்றாள்.

கீழே ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தது. இன்னொரு முறை அடித்தது. பிறகு மாமாவே படியேறி மூச்சு வாங்க வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா.

"என்னக்கா இது? ஆள் வரலைன்னு நீயே உக்காந்துட்டியா? பேங்க் திறந்தாச்சு. பத்திரம் எங்க?"

"பீரோவுலதான் இருக்கு. அங்கயே இருக்கட்டும். நீ வண்டியை அனுப்பிடு."

"அக்கா! விளையாடறியா? கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்க்கா. இப்ப மருமக எங்க சேர்ந்திருக்கான்னு கேட்டா என்னன்னு சொல்வேன்?"

கல்லுளி நூலை வாயிலிருந்து எடுத்தாள். "தவணை இல்லாம படிக்கிறான்னு சொல்லுங்க மாமா. உங்க கடையில ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

திரைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அடக்க முயன்ற சிரிப்புத்தான், கட்டில் காட்டிக்கொடுத்துவிட்டது. மாமா திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பேனாவைச் சட்டைப்பையின் உள்ளே நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டு, "என்னவோ பண்ணுங்க. அப்புறம் என்னைக் குறை சொல்லாதீங்க," என்று இறங்கிப் போனார். படிக்கட்டில் பாதியில் நின்று, "வண்டிக்கு நான்தான் காசு கொடுக்கணும், தெரியுமில்ல?" என்று கத்தினார்.

அம்மா கண்ணைத் திறந்து கண்ணாடியில் பார்த்தாள். ஒரு பக்கம் முடிந்திருந்தது.

"இன்னொரு பக்கமும் எடுக்கவாம்மா?" என்றாள் கல்லுளி.

"பின்ன, இப்படியே வந்து கையெழுத்துப் போடவா? சீக்கிரம் முடி." மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டாள். "அந்தக் காலேஜுக்கு எந்த பஸ்?"

கல்லுளி அப்போதுதான் நூலைக் கடித்திருந்தாள். அதை மறுபடி எடுத்துவிட்டு, எந்த பஸ், எங்கே ஏற வேண்டும், எங்கே மாற வேண்டும், எந்த நிறுத்தத்தைத் தாண்டிவிடக்கூடாது என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.